தினம் ஒரு துணுக்கு, கூடவே ஒரு கேள்வி

காலையில் கண் விழித்து வாட்ஸப்பைத் திறந்தால் வரிசையாக வந்து நிற்கும்: 'இன்று ஒரு சொல்', 'வரலாற்றில் இன்று', 'உங்களுக்குத் தெரியுமா?'. வகுப்புக் குழுவில் ஒன்று, மன்றக் குழுவில் ஒன்று, விடுதிக் குழுவில் ஒன்று. ஒரு தம்ஸ் அப் போட்டுட்டு மெஸ்ஸுக்கு ஓடிடறோம். சரி, நேற்று வந்த சொல் என்னன்னு இப்போ கேட்டா? நம்மில் பாதிப் பேர் திருதிருன்னு முழிப்போம்.

அதனால் துணுக்கே வேண்டாம், புத்தகம் படிங்கடா என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. வகுப்பு, ரெக்கார்டு, அசைன்மென்ட், இன்டர்னல் என்று ஓடும் நாளில் தமிழையும் வரலாற்றையும் தொட்டுப் பார்க்க நமக்குக் கிடைப்பது அந்த இரண்டு நிமிடம்தான். என் குறை வேறு. நமக்கு வரும் துணுக்குகள் எல்லாமே முற்றுப்புள்ளியோடு வருகின்றன. 'ஏன்?', 'எப்படித் தெரியும்?' என்று கேட்க யாரும் இடம் விடுவதில்லை.

ஒரு நல்ல துணுக்கை எடுத்துக்கொள்வோம். 'கொரண்டம் என்ற ஆங்கிலச் சொல், குருந்தம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது.' உண்மைதான், ஆங்கில அகராதிகளே சொல்கின்றன. இதோடு நிறுத்தினால் ஒரு நிமிடப் பெருமை. 'அது என்ன பொருள்?' என்று கேட்டால் கதை வளர்கிறது. அது அலுமினியம் ஆக்சைடு. மோஸ் கடினத்தன்மை அளவில் வைரம் 10 என்றால் இது 9. துளி குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம்; இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலக்கல். நம்ம ஒர்க்‌ஷாப்பில் தீப்பொறி பறக்கச் சாணை பிடிக்கும் சக்கரத்திலும் பெரும்பாலும் இதே அலுமினியம் ஆக்சைடுதான், ஆலையில் செய்தது.

இன்னும் இருக்கு. 1890களில் எட்வர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கர் மின் உலையில் ஒரு புதுப் பொருளைக் கண்டார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று எண்ணி 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். அது சிலிக்கானும் கார்பனும் சேர்ந்த சிலிக்கான் கார்பைடு என்று பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு 'ஏன்' கேட்டதுக்கு வேதியியல், உலோகவியல், மொழி மூன்றும் சேர்ந்து வந்துடுச்சு பாருங்க.

இப்போ மறுபக்கம். 'தமிழ் எட்டுதான் ஆங்கிலத்தில் எய்ட் ஆனது' என்ற துணுக்கும் அதே குழுக்களில்தான் சுற்றுகிறது. கேட்கும்போது நல்லாத்தான் இருக்கு, ஒலியும் பொருந்துது. ஆனால் எண்பது, எண்ணூறு என்று சொல்லிப் பாருங்கள். தமிழில் அடிச்சொல் 'எண்' என்பது தெரியும். அந்தப் பக்கம் ஜெர்மனில் ஆஹ்ட், லத்தீனில் ஆக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. நாம படிக்கிற ஆக்டல் எண் முறையும் அந்தக் குடும்பம்தான். 'எய்ட்' ஸ்பெல்லிங்கில் ஊமையாக நிற்கும் ஜி, எச் இரண்டும் ஒரு காலத்தில் அங்கே இருந்த ஒலியின் மிச்சம். இரண்டு சொற்களும் வேறு வேறு வேரிலிருந்து வளர்ந்து, இன்று தற்செயலாக ஒரே மாதிரி ஒலிக்கின்றன.

'போகட்டும், நம்ம மொழிக்குப் பெருமைதானே, விடு' என்று நினைக்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேறு மாநிலத்து நண்பனிடம் இதைச் சொல்லி, அவன் தேடிப் பார்த்துப் பொய் என்று கண்டுபிடித்தால், அடுத்து நாம் சொல்லும் கட்டுமரத்தையும் சுருட்டையும் அவன் நம்புவானா? அவை இரண்டும் ஆங்கிலத்துக்குப் போனது அசல் உண்மை. ஒரு பொய், பத்து உண்மையின் மரியாதையைக் கெடுக்குது. தமிழுக்கு இரவல் நகை தேவையில்லை. சொந்த நகையே கழுத்து நிறைய இருக்கு.

வெர்னியரில் ரீடிங் எடுத்து, லீஸ்ட் கவுண்ட் எழுதாமல் நீட்டினால் அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து விழுமா? லேபில் இவ்வளவு கறாராக இருக்கும் நாம், மொழி, வரலாறு என்று வந்ததும் எதையும் அப்படியே ஃபார்வர்டு செய்துவிடுகிறோம்.

அதனால் என் யோசனை எளிது. துணுக்கு போடுபவர்கள் இரண்டாவதாக ஒரு வரி சேருங்கள்: எப்படித் தெரியும், அல்லது ஏன் அப்படி. '1802இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்து, இந்தியப் பெரும் நில அளவையைத் தொடங்கினார்' என்பது முதல் வரி. 'முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அதனால் முதல் கோட்டை அவ்வளவு கவனமாக அளந்தார்' என்பது இரண்டாம் வரி. சர்வே கேம்ப் போகும் சிவில் நண்பர்களுக்கு முதல் வரி மறந்தாலும் இரண்டாவது மறக்காது.

சொல் கற்றுக்கொண்டால் அன்றைக்கே ஒரு தடவை வாயில் போட்டுப் பாருங்கள். 'ஃபைலிங் பண்ணேன்' என்பதற்குப் பதில் 'அரத்தால ராவினேன்' என்று சொல்லிப் பாருங்க. முதல் நாள் சிரிப்பாங்க, மூணாவது நாள் அவங்களே சொல்வாங்க. ஒரு நாளைக்கு ஏழு துணுக்கு வேண்டாம், ஒன்று போதும்.

இந்த வாரத்துக்கு ஒன்று தரட்டுமா? நம்ம மிளகுத்தண்ணீர், ஆங்கிலத்தில் 'மல்லிகடானி' சூப் ஆகியிருக்கிறது. யார் கொண்டு போனார்கள்? வழியில் அதற்குள் என்னவெல்லாம் சேர்ந்தது? தேடிப் பார்த்து, எப்படித் தெரிந்தது என்பதையும் சேர்த்து மன்றக் குழுவில் போடுங்கள். தம்ஸ் அப் மட்டும் போட்டுட்டுப் போகாதீங்க!