இருவகை மருந்து

விருதுநகர், சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் நிலத்தில் ‘மருந்து’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நோயாளி உண்பதும் மருந்து. பட்டாசினுள் செலுத்துவதும் மருந்தே. இரண்டாவது மருந்தோடு பழகப் போனவர் மாலையில் நலமாக வீடு திரும்பும்வரை அவ்வில்லத்தாருக்கு நிம்மதியில்லை. ஒரு மருந்து சுட்ட புண்ணை மற்றொரு மருந்து ஆற்ற வேண்டிய நாள்களை இம்மண் பன்முறை கண்டிருக்கிறது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் மாண்டன. தீயைக் கண்டு உதவ ஓடிச் சென்றோரும் அவர்களுள் அடங்குவர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் மடிந்தனர்.

நம் பங்குத் திருவிழாவில் தேர்ப்பவனியின்போது வானில் விரியும் ஒளிமலர்களைக் கண்டு மகிழ்கிறோம். அவற்றைச் செய்த கைகளை எண்ணிப் பார்க்கிறோமா? அக்கைகள் வெந்து போனால் அவற்றை ஆற்றும் கலை எங்கே பிறந்தது என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

அக்கலையின் பெரும்பகுதி போர்வீரர்களின் மருத்துவமனைகளில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் எரியும் விமானங்களிலிருந்து தப்பிய இளைஞர்கள் முகமும் கைகளும் கருகி, இங்கிலாந்திலுள்ள கிழக்கு கிரின்ஸ்டெட் என்னும் சிற்றூர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே மருத்துவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ ஒன்றைக் கூர்ந்து கவனித்தார். தரையில் விழுந்தவர்களைவிடக் கடலில் விழுந்தவர்களின் புண்கள் நன்றாக ஆறின. ஆகவே அவர் நோயாளிகளை உப்பு நீரில் குளிப்பாட்டினார். அக்காலத்தில் தீப்புண்மேல் டானிக் அமிலத்தைப் பூசுவது வழக்கம். அது புண்மேல் ஓடுபோல் இறுகி விரல்களை முடக்கியது. அவ்வழக்கத்தை ஒழிக்க அவர் போராடினார். 1941ஆம் ஆண்டு அந்நோயாளிகள் தமக்கெனக் ‘கினிப்பன்றிக் கழகம்’ ஒன்றை நிறுவிக்கொண்டனர். சோதனைக்கு உள்ளானவர்கள் தம்மைத் தாமே நகைத்துச் சூட்டிக்கொண்ட பெயர் அது. போர் முடிவதற்குள் அதன் உறுப்பினர் 649 பேர் ஆயினர்.

அமெரிக்காவில் புனித அந்தோனியாரின் பெயரைத் தாங்கிய சான் அந்தோனியோ நகரின் இராணுவ மருத்துவமனையில் இவ்வாய்வு மேலும் வளர்ந்தது. தீயில் வெந்தவரின் உடலிலிருந்து நீர் கசிந்து வற்றுவதே முதல் இரு நாள்களின் பேராபத்து. உடல் எடையையும் வெந்த பரப்பையும் கணக்கிட்டு எவ்வளவு நீர்மம் ஏற்றவேண்டும் என்னும் முறையை அங்குள்ளோர் வகுத்தனர். பிந்தைய நாள்களில் உயிரைக் குடிப்பது நச்சுக்கிருமி. அதனைத் தடுக்கும் களிம்பை 1960களில் அவர்கள் பயன்படுத்தியபின் இறப்புகள் குறைந்தன.

தீப்புண்ணோடு இக்கதை முடிவதில்லை. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் மருத்துவர் எட்வர்டு ஃப்ரைஸ் தலைமையில் 143 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. கடுமையான இரத்த அழுத்தத்தை மருந்தால் குறைப்பது பக்கவாதம் முதலிய பெருங்கேடுகளைத் தடுக்கும் என்பதை 1967ஆம் ஆண்டு அது மெய்ப்பித்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் காலையில் விழுங்கும் சிறு மாத்திரைக்குப் பின்னே, முகமறியாத அவ்வீரர்களின் ஈகை இருக்கிறது.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தே பழகியவன் போர்வீரன். கூலிக்கு அஞ்சி வாய் திறவாதவன் ஏழைத் தொழிலாளி. இத்தகையோரை அறிவியலின் பெயரால் பகடைக்காய் ஆக்குவது எளிது. நாசிக் கொடுமைகளைக் கண்டபின், நோயாளியின் மனமுவந்த இசைவின்றி எந்தச் சோதனையும் கூடாதென 1947ஆம் ஆண்டு நூரம்பெர்க் நெறி விதித்தது. 1952ஆம் ஆண்டு செப்டம்பரில் மருத்துவ அறிஞர்களிடம் உரையாற்றிய பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரும், அறிவியலின் நலனோ சமூகத்தின் நலனோ மனிதனை வெறுங்கருவியாக்க இடந்தராது என அறிவுறுத்தினார். இறைச்சாயலாகப் படைக்கப்பட்ட மனிதன் தன்னைத் தானே கொடுக்கலாம். அவனைப் பிறர் எடுத்துக்கொள்ளலாகாது.

அன்புக் குடும்பத்தாரே! மேற்கூறிய வரலாறு நமக்கு மூன்று கடமைகளை உணர்த்துகிறது.

முதலாவது, அறியாமையை விடுதல். டானிக் அமிலத்தை நம்பியவர்களைப்போல் நாமும் இன்றளவும் தீப்புண்மேல் மையையும் பற்பசையையும் மாவையும் அப்புகிறோம். இவை வேண்டா. குழாய் நீர் போன்ற குளிர்ந்த தூய நீரை 20 நிமிடம் புண்மேல் ஓடவிடுங்கள். பனிக்கட்டி வைக்காதீர்கள். வீக்கம் காணுமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றுங்கள். தூய துணியால் மூடி மருத்துவமனைக்கு விரையுங்கள். பட்டாசு ஆலையில் தீப்பற்றினால் வேடிக்கை பார்க்க நெருங்காதீர்கள். முதலிப்பட்டி புகட்டிய பாடம் அது.

இரண்டாவது, ஏற்றுக்கொள்ளுதல். மெக்கிண்டோ தம் நோயாளிகளை மறைத்து வைக்கவில்லை; ஊருக்குள் அனுப்பினார். ஊராரும் முகஞ்சுளிக்காமல் அவர்களை விருந்துக்கும் விழாவுக்கும் அழைத்தனர். அதனால் ‘உற்றுப் பார்க்காத ஊர்’ என்று அது புகழ்பெற்றது. நம் ஊர்களில் நிலை என்ன? முகத்தில் தழும்போடு திரும்பிய பெண்ணுக்கு வேலை மறுக்கிறோம். மணப்பேச்சு வந்தால் தலைகுனிகிறோம். கோவிலில் அவள் கடைசி வரிசையில் முக்காடிட்டு ஒதுங்கி நிற்கிறாள். அவளைக் கண்டு ஒதுங்கியவர் நாமாகவும் இருக்கலாம். ஐந்து காயங்களை முத்தமிடும் நாம் அவள் காயத்துக்கு அஞ்சலாமா?

மூன்றாவது, கொடுத்தல். நம் நாட்டிலும் பெயரிலேயே ‘ஆய்வு’ என்னும் சொல்லைத் தாங்கிய தில்லி இராணுவ மருத்துவமனையில் 2024 சூன் மாதம் தோல் வங்கி ஒன்று தொடங்கப்பட்டது. நம் படைத்துறை மருத்துவப் பணியில் அதுவே முதலாவது. கண்தானம் அறிந்த நாம் தோல்தானத்தை அறிந்தோமில்லை. இறந்து 6 மணி நேரத்துக்குள் தொடை, முதுகு ஆகிய இடங்களிலிருந்து மெல்லிய மேற்படலம் மட்டும் எடுக்கப்படும். உடல் உருக்குலையாது, இரத்தப் பிரிவு பொருந்த வேண்டுவதில்லை. அத்தோல் சில வாரங்களே நிலைக்கும். ஆனால் அதற்குள் வலி தணிந்து, கிருமி தடைப்பட்டு, நோயாளியின் சொந்தத் தோலை வைத்துத் தைக்கக் காலம் கிடைக்கும். கல்லறையில் மண்ணாகப் போவது ஒரு தாயை அவள் பிள்ளைகளுக்குத் திருப்பித் தரக்கூடும். நெறிக்குட்பட்ட உறுப்புதானத்தை அன்றாட வாழ்வின் வீரச்செயல்களுள் ஒன்றாகப் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1995ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் போற்றியிருக்கிறார்.

புனித கமில்லுஸ் முன்னாளில் போர்வீரர். காலில் ஆறாத புண்ணோடு உரோமை நகர மருத்துவமனையில் நோயாளியாய்ச் சேர்ந்தார், அங்கேயே பணியாளரானார், பின்னர் நோயுற்றோரைப் பேணும் துறவற சபையை நிறுவினார். அவருடைய புண் இறுதிவரை ஆறவில்லை. ஆயினும் அப்புண்ணே பிறர் வேதனையை அவருக்குக் கற்பித்தது.

இன்றிரவு செபமாலை முடிந்தபின் இல்லத்தார் கூடி இதுபற்றிப் பேசுங்கள். தோல்தானத்துக்கு இசைவு தருவோர் அதனைப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். துயர வேளையில் முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்களே. வரும் ஞாயிறன்று அந்தக் கடைசி வரிசைக்குச் சென்று, முக்காடிட்ட அச்சகோதரியின் அருகில் அமருங்கள். புண்ணை ஆற்றும் மருந்துகளுள் அதுவும் ஒன்று.