கூடமும் கொஞ்சம் கோணல்தான்!

(இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. தன் குறையை மறைக்க இடத்தின்மீது பழி போடுபவரைப் பார்த்துப் பெரியவர்கள் சொல்வது. சொல்லட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால், ஆடத் தெரிந்தவள் வந்து நிற்கும்போது கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால்? இந்த ஆண்டு நானும் என் நண்பர்கள் இருவரும் வீட்டிலேயே ஒரு பாட்டைப் பதிவு செய்து போட்டிக்கு அனுப்பப் புகுந்தபோது என் மனத்தில் எழுந்த கேள்வி இது.

இக்காலத்தில் நல்ல பாட்டைப் பதிவு செய்யப் பணம் வேண்டியதில்லை, திறமை இருந்தால் போதும் என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் தம் வீட்டில் நான்கு தடக் கேசட் கருவி ஒன்றில் பாடிப் பதிந்தவையே 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டாக வெளிவந்தன. நம் ஏ.ஆர். ரகுமான் 1989இல் சென்னையில் தம் வீட்டை ஒட்டி ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டார். 1992இல் 'ரோஜா' வந்தது. பில்லி ஐலிஷ் என்ற பதினேழு வயதுப் பெண், பெற்றோர் வீட்டில் தம் அண்ணனின் படுக்கையறையில் பெரும்பாலும் பதிந்த தொகுப்பு 2019இல் வெளிவந்தது. 2020இல் கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு என்ற பெருமையைப் பெற்றது.

இவற்றைப் படிக்கும்போது உள்ளம் துள்ளத்தான் செய்கிறது. ஆனால் நண்பர்களே, ஒன்றைக் கவனித்தீர்களா? இம்மூவருக்கும் கதவைச் சாத்திக்கொண்டு பாட ஓர் அறை இருந்தது.

எங்கள் ஊர் விசைத்தறி ஊர். அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறார். அம்மா தார் சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும்தான் வீடு. பின்சுவரை அடுத்துத் தறிக்கூடம். அங்கே ஓசை 90 டெசிபலுக்கு மேல். பிறந்தது முதல் கேட்டு வளர்ந்ததால் எங்கள் காதுக்கு அது ஓசையாகவே படுவதில்லை. ஆனால் மைக்குக்கு அப்படிப் பழக்கம் கிடையாதே! முதல் நாள் பதிந்ததைப் போட்டுக் கேட்டபோது என் குரல் தறிக்குள் சிக்கிய நூல்போல் அறுந்து அறுந்து வந்தது.

போட்டியை அறிவித்தவர்கள் கொடுத்த கெடு ஒன்பது நாள். சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டமைத்து, தரமாகப் பதிந்து அனுப்ப வேண்டும். பாட்டு எழுத இரண்டு நாள், மெட்டுக்கு ஒரு நாள். தறித்தெருவைப் பற்றிய பாட்டு, மூன்று சரணம். மூன்றாவது சரணம் அம்மாவுக்காக எழுதியது.

கருவிக்குப் பெரிதாக அலையவில்லை. நண்பனின் அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணினி இருந்தது. அதில் இலவசமாகக் கிடைக்கும் 'ஆடாசிட்டி' மென்பொருளைப் போட்டோம். கீபோர்டை ஒயர் வழியாக நேரே இணைத்து இரவிலேயே பதிந்துவிட்டோம். ஒயரில் போவது மின்சைகைதானே. எத்தனை தறி ஓடினாலும் அதற்குக் கவலையில்லை. குரலுக்குத்தான் அமைதி வேண்டும். காற்றில் வருவது எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் வரும்.

அமைதியை எங்கே தேடுவது? ஞாயிற்றுக்கிழமை தறிகள் நிற்கும். ஆனால் அந்த ஒரு ஞாயிறு அடுத்த தெருக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்குப் போயிற்று. கடைசியில் வழி காட்டியது எது தெரியுமா? மின்தடை! மாதாந்திரப் பராமரிப்புக்காக எட்டாம் நாள் காலை ஒன்பது மணி முதல் இரண்டு மணி வரை மின்சாரம் இல்லை என்று அறிவித்திருந்தார்கள். (அன்று வகுப்புக்கு வராததற்கு ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.)

தறிகள் நின்றன. பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள். பழைய மடிக்கணினியின் பேட்டரி நிற்காது. எனவே செல்பேசியிலேயே குரலைப் பதிந்தோம். வெறும் சுவர் முன் பாடினால் குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் இருக்கும். ஐந்தடி தள்ளியிருக்கும் சுவரில் பட்டு ஒலி திரும்ப ஏறத்தாழ 9 மில்லிசெகண்டு ஆகும். காது அதைத் தனி எதிரொலியாகப் பிரித்துக் கேட்காது. ஆனால் அது குரலின் நிறத்தைக் கெடுத்துவிடும். தறிக்காரரிடம் கேட்டுத் துண்டுக் கட்டுகளை வாங்கி வந்து மூன்று பக்கமும் அடுக்கினோம். பருத்தித் துணி ஒலியைக் குடித்துவிட்டது. வகுப்பில் படித்த பாடம் என் வீட்டில் வந்து உட்கார்ந்த நாள் அது! அப்பா நெய்த துண்டுகளுக்கு நடுவே நின்று நான் பாடினேன்.

இரண்டு சரணம் நன்றாக அமைந்தன. மூன்றாவதைத் தொடங்குவதற்குள் மணி ஒன்றரை. வேலை முன்னதாகவே முடிந்துவிட்டது போலும், மின்சாரம் வந்துவிட்டது. ஒரு தறி, பிறகு இன்னொன்று, பிறகு தெரு முழுவதும். கூலிக்கு ஓட்டுகிறவர்களை நிறுத்தச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அவர்களில் ஒருவர் என் அப்பா.

மறுநாள் இரண்டு சரணத்தோடு பாட்டை முடித்து, நான்கு நிமிடத்துக்குச் சுருக்காத வடிவில் 42 மெகாபைட் வந்த கோப்பைக் கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கையில் அனுப்பினோம். பரிசு கிடைக்கவில்லை. அதற்காக வருந்தவில்லை, எங்களைவிட நன்றாகப் பாடியவர்கள் இருந்திருப்பார்கள். அம்மாவும் கேட்டார், நன்றாக இருக்கிறது என்றார். தமக்கென ஒரு சரணம் இருந்தது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கெடுவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கெடு இல்லாவிட்டால் அந்தப் பாட்டை இன்னும் திருத்திக்கொண்டே இருந்திருப்போம். இது போதும் என்று நிறுத்தவும் ஒரு துணிவு வேண்டும். அதைக் கெடுதான் கற்றுக்கொடுத்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். கெடு எல்லோருக்கும் ஒன்பது நாள். தனியறை உள்ளவனுக்கு அது ஒன்பது இரவு. எனக்கு நாலரை மணி நேரம். கருவி மலிந்துவிட்டது, ஏழை வீட்டுக்கும் வந்துவிட்டது. அமைதி மட்டும் இன்னும் வரவில்லை. இதை எண்ணாமல் "திறமை இருந்தால் போதும்" என்பது, பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு விடை சரி என்பது போன்றதாகும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் இயற்பியல் ஆய்வகத்தின் இருட்டறை மாலையில் பூட்டியே கிடக்கிறது. ஒளி புகாமல் கட்டிய அறை. அதில் இரைச்சலும் குறைவு. கனத்த துணித்திரை நான்கு, ஒரு மைக், ஒயருள்ள ஹெட்போன் ஒன்று, முறை வைத்துப் பெயர் எழுத ஒரு நோட்டு. இவ்வளவுதான் வேண்டும். வாரத்தில் இரண்டு மாலை திறந்துவிட்டால், பாட மட்டுமல்ல, கவிதை வாசிக்கவும் வானொலி நாடகம் பதியவும் எத்தனையோ பேர் வருவார்கள். போட்டி நடத்துவோரும் ஒன்பது நாளை ஒரு மாதமாக்கினால் நலம்.

மூன்றாவது சரணம் இன்னும் என் நோட்டில் இருக்கிறது. கூடத்தைக் கொஞ்சம் நேராக்கித் தாருங்கள், பெரியோர்களே! அதன் பிறகும் பாட்டுச் சரியில்லை என்றால், குறை எங்களுடையதே என்று ஒப்புக்கொள்கிறோம்.