டூர் காசு

போன நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. நகைக்கடன் கவுன்ட்டரில் ஆள் லீவு, அதனால் நான் போய் உட்கார வேண்டியதாகிவிட்டது. சாயங்காலம் மூன்று மணி வாக்கில் ஒரு அம்மா வந்தார். அரைப் பவன் மோதிரம் ஒன்று. இன்றைய தங்க விலைக்கு அதற்குக் கணிசமான தொகையே கொடுக்கலாம். அவர் கேட்டது 5,000 ரூபாய் மட்டும். படிவத்தில் 'கடனின் நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக நாங்களே எதையாவது எழுதிவிடுவோம். அன்றைக்கு என்னவோ வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"மோன்டெ ஸ்கூல் டூர், சாரே."

'கல்விச் செலவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதே வாரம் என் பையனும் டூர் போனான். எட்டாம் வகுப்பு. 4,500 ரூபாய், மைசூர், ஊட்டி, நடுவில் ஒரு தீம் பார்க். செல்போனில் இரண்டு தட்டு தட்டிப் பணம் அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனவன் நான். அந்த மோதிரத்தைப் பார்த்த பிறகுதான் பையனிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றியது: "உங்க கிளாஸ்ல எத்தனை பேர்டா வரலை?"

"ஒரு பதினோரு பேர் இருக்கும்ப்பா. அவங்களுக்கு லைப்ரரி பீரியட்."

மூன்று நாளும் லைப்ரரி பீரியட்!

சரி, போனவன் என்னதான் பார்த்தான்? மைசூர் அரண்மனையில் நாற்பது நிமிஷம். ஊட்டியில் மழை, அதனால் ஹோட்டலில் சிப்ஸ். "பஸ்ல டிஜே லைட்டு செமயா இருந்துச்சுப்பா." ஈரத் துண்டைப் பிளாஸ்டிக் கவரில் சுருட்டி அப்படியே கொண்டுவந்து தங்கமணி கையில் கொடுத்தான். அதைக் கொடியில் போடுவது அவன் வேலை என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, வளர்த்தது நாங்கள்தானே.

கேரள அரசு இதைக் கவனிக்காமலும் இல்லை. 2024-இல் பொதுக்கல்வித் துறை, பள்ளிச் சுற்றுலா எல்லாப் பிள்ளைகளும் வரக்கூடிய செலவில் இருக்க வேண்டும், கூடப் போகும் ஆசிரியர்களின் செலவைப் பிள்ளைகள் தலையில் கட்டக்கூடாது என்று உத்தரவு போட்டது. ராத்திரி நேரத்தில் பயணம் கூடாது என்பதும் விதி. 2022 அக்டோபரில், எர்ணாகுளம் மாவட்டப் பிள்ளைகள் ஊட்டிக்குப் போன சுற்றுலா பஸ், பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே ராத்திரி நேரத்தில் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் பின்னால் மோதியது. 9 பேர் போனார்கள், அதில் 5 பேர் மாணவர்கள், ஒருவர் ஆசிரியர். ராத்திரிப் பயண விதியைப் பற்றி எல்லோரும் பேசியது அதற்கப்புறம்தான்.

உத்தரவு நல்ல உத்தரவு. ஆனால் எனக்கென்னவோ செலவைக் குறைப்பது மட்டும் தீர்வாகத் தெரியவில்லை. 4,500-ஐ 2,000 ஆக்கினாலும் அது காசு கொடுத்து வாங்கும் சமாச்சாரம்தான். பையன்கள் அங்கே வாடிக்கையாளர்கள். வாங்க முடியாதவன் லைப்ரரியில்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். நான் மன்னார்குடிப் பக்கம் பி.காம். படித்தபோது நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தேன். காந்தி நூற்றாண்டான 1969-இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் மத்திய அரசு ஆரம்பித்த திட்டம். நான் சேர்ந்தது தேச சேவைக்காக எல்லாம் இல்லை. முகாமுக்குப் போனால் பத்து நாள் வகுப்பு கிடையாது, அவ்வளவுதான் :-)

ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் தங்கினோம். காலையில் குளத்தில் வண்டல் வெட்டி வரப்பில் கொட்டுவது, சாயங்காலம் ஊருக்குள் கணக்கெடுப்பு. சமையல் முறை வைத்து. ஐம்பது பேருக்கு எங்கள் குழு சாம்பார் வைக்கவேண்டிய நாளில் நானும் இன்னொருத்தனும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் உப்புப் போட்டுவிட்டோம். அதுவரை நான் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவியதில்லை. வீட்டில் அக்கா இருந்தாள், அம்மா இருந்தாள்.

அன்றைக்குக் காப்பாற்றியவன் எங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சுப் பையன். அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடை. காலேஜ் டூருக்கு அவன் ஒருதடவையும் வந்ததில்லை, ஏன் என்று நாங்களும் கேட்டதில்லை. அவன்தான் விறகைப் பிரித்துத் தணலைக் குறைத்து, அரிசி கழுவிய தண்ணீரில் புளியும் பருப்பும் கூட்டி சாம்பாரை மீட்டான். அடுத்த நாளிலிருந்து அடுப்படி முழுக்க அவன் பொறுப்பு. பேராசிரியரே அவனிடம் கேட்டுத்தான் டீ குடித்தார். டூரில் இடமில்லாதவன் முகாமில் தலைவன்.

நிற்க.

கேரளாவில் மேல்நிலைப் பிள்ளைகளுக்கும் இந்த முகாம் உண்டு, ஏழு நாள், பெரும்பாலும் கிறிஸ்துமஸ் லீவில். வருடாவருடம் நடக்கும் பள்ளி சாஸ்திரோத்ஸவத்தில் வேலைப் பயிற்சி மேளா என்று ஒரு பகுதி இருக்கிறது. குடை தைப்பது, கயிற்று மிதியடி பின்னுவது, மூங்கில் வேலை என்று பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து குறித்த நேரத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். நம் ஊரில் இப்படி ஒன்று ஏன் இத்தனை பெரிதாக நடப்பதில்லை என்று எனக்கு நிஜமாகவே பொறாமை. ஆனால் மேளாவுக்குப் போவது பள்ளிக்கு ஒரு சிலர். மீதிப் பேருக்கு?

மீதிப் பேருக்கு இந்த ஊரே இருக்கிறது, டவுன் பஸ் டிக்கெட் காசில். ஒரே ஒரு உதாரணம். இங்கே சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் கட்டிய வானாய்வு நிலையம் இருக்கிறது. 1850-களில் அதற்குத் தலைவராக வந்த ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காந்த ஊசி எப்படி அசைகிறது என்று வருஷக்கணக்காகக் குறித்துக்கொண்டிருந்தார். அது போதாமல், காட்டு வழியே கருவிகளைச் சுமக்க வைத்து அகத்தியமலை உச்சியில் 1855-இல் இன்னொரு ஆய்வு நிலையம் வைத்தார். கிட்டத்தட்ட 1,868 மீட்டர் உயரம். காரணம், பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகத்தான் போகிறது. அதே காரணத்துக்காகத்தான் நூறு வருஷம் கழித்து விக்ரம் சாராபாய் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட். மேரி மக்தலேனா தேவாலயம் அலுவலகமானது. இப்போது அது விண்வெளி அருங்காட்சியகம். ராக்கெட் பாகத்தை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் போட்டோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

பையன்களைத் தும்பாவுக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடிக்குள் மாடலைக் காட்டுவது பாதி வேலை. மீதிப் பாதிக்கு ஒரு தையல் ஊசி போதும். நூலில் நடுவாகக் கட்டி, சமமாக நிற்கும்படி சரிசெய்து, அப்புறம் காந்தத்தால் தேய்க்கவேண்டும். டெல்லியில் அதன் வடக்கு முனை 40 பாகைக்கு மேல் தலை குனியும். திருவனந்தபுரத்தில் கிட்டத்தட்ட கிடையாகவே நிற்கும். மேற்கே கடலோரத்தில் ஏன் ராக்கெட் விட்டார்கள் என்பதற்கான பதில் அந்த நூலில் தொங்குகிறது. செலவு ஐந்து ரூபாய்.

"ஆசிரியர் பாடு உனக்கென்ன தெரியும்?" என்று கேட்பீர்கள். நியாயம். நாற்பது பையன்களை நெய்யாறு பக்கம் காட்டு முகாமுக்கு அழைத்துப்போய் ஒருத்தன் வழுக்கி விழுந்தால், மறுநாள் பள்ளி வாசலில் சண்டைக்கு நிற்கும் முதல் அப்பா நானாகத்தான் இருப்பேன். டூருக்கு முந்தைய பெற்றோர் கூட்டத்தில் ஹோட்டலில் சுடுதண்ணி வருமா என்று கேட்டதும் நான்தான். ஏஜென்ட்டிடம் பேக்கேஜாக ஒப்படைத்துவிட்டால் ஆசிரியருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. அந்த நிம்மதிக்குத்தான் 4,500.

பையன்களைப் பற்றியே சொல்கிறேனே, பெண் பிள்ளைகளுக்கு வேண்டாமா என்றாள் தங்கமணி. வேண்டும்தான். ஆனால் வீட்டிலேயே அவர்கள் கையில் வேலையைத் திணித்துவிடுகிறோம், கேட்காமலேயே. அவர்களுக்கு வெளியே போவது அவசரம், இவன்களுக்குக் கையைப் பயன்படுத்துவது அவசரம்.

போன ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் ஊசிப் பரிசோதனை செய்தோம். பையனுக்கு முடிச்சுப் போடவே வரவில்லை. இருபது நிமிஷம். நூலை எச்சில் தொட்டு முறுக்கச் சொல்லிக்கொடுத்தேன். கடைசியில் ஊசி நின்றது, லேசாக ஆடிக்கொண்டு. லைப்ரரி பீரியடில் இருந்த பதினோரு பேரில் இரண்டு பேரை அடுத்த சனிக்கிழமை கூட்டிவரட்டுமா என்று கேட்டான். சாப்பாடு நாமே செய்வதாக இருந்தால் வரலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த மோதிரம் இன்னும் எங்கள் பெட்டகத்தில்தான் இருக்கிறது. போன மாதம் அந்த அம்மா வந்து வட்டி மட்டும் கட்டிவிட்டுப் போனார். டூர் எப்படி இருந்தது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.