அடுப்படிக்கு யார் பூட்டுப் போடுவது?

திண்டுக்கல் என்றால் பூட்டு என்பார்கள். 2019-ல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெருமைதான்! ஆனால், அரம் பிடித்து ராவி ராவி அந்தப் பூட்டைச் செய்து தந்த கைக்குச் சொந்தக்காரன் காலையில் பசியாறியது எங்கே? விசிறி சுழலும் ஓட்டலிலா? அல்ல, தோழர்களே! தெருமுனை வீட்டுத் திண்ணையில், ஆவி பறக்கும் இட்டிலிக் கொப்பரைக்கு எதிரே குந்தித்தான் அவன் பசியாறினான். பேகம்பூரிலும் நாகல் நகரிலும் விடியுமுன்னே எரியத் தொடங்கும் அடுப்புகள் எத்தனை! முறுக்குப் பிழிவோர், அப்பளம் இடுவோர், ஊறுகாய் போடுவோர், பட்டறைக்கும் மில்லுக்கும் சோறு கட்டித் தருவோர். அத்தனை பேரும் நம் தாய்மார்கள், நம் தமக்கையர்.

அந்த அடுப்படிக்குள் சட்டம் நுழைந்திருக்கிறது. நுழையட்டும். எப்படி நுழைகிறது, யாருக்காக நுழைகிறது என்பதுதான் நம் கேள்வி.

1954-ல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் செய்தார்கள். அது போய், 2006-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறைக்கும் வந்தது. சட்டமே கூடாது என்று சொல்ல வந்தோமில்லை. பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயத்தைக் கலந்து குழந்தைகளுக்கு விற்றார்களே, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அதற்குத் தடை போட்டதே, அந்தத் தடையைத் தவறென்று சொல்லும் நெஞ்சு எவருக்கு உண்டு? கறுத்துப்போன எண்ணெயில் மீண்டும் மீண்டும் வடை சுடுபவர் ஏழையாயிருக்கலாம். அதைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பவனும் ஏழைதான்! அச்சு மை ஒட்டிய தாளில் பலகாரம் கட்டாதே என்று 2016-ல் எச்சரித்தார்கள். சரியான எச்சரிக்கை. இந்த ஏட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்: படியுங்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், பஜ்ஜி மட்டும் மடிக்காதீர்கள்!

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால், நல்ல பகுதிகளும் இருக்கின்றன. 31-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு என்ன சொல்கிறது? தானே செய்து தானே விற்கும் சிறு உற்பத்தியாளர், கூடையில் சுமந்து விற்போர், குடிசைத் தொழிலார் - இவர்களுக்கு உரிமம் தேவையில்லை, பதிவு செய்துகொண்டால் போதும் என்கிறது. 2011-ல் விதி வகுத்தபோது ஆண்டு விற்பனை 12 இலட்சத்துக்கு மேற்படாதவரைச் சிறு தொழிலார் எனக் கொண்டு, ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம் வைத்தார்கள். மனுக் கொடுத்து ஏழு நாளில் பதிவும் தராமல், மறுக்கவும் செய்யாமல், பார்வையிடவும் ஆணையிடாமல் அதிகாரி வாளாவிருந்தால், மனுதாரர் தொழிலைத் தொடங்கிவிடலாம் என்றும் அதே விதியில் எழுதியிருக்கிறார்கள். குறை கண்டால் எடுத்த எடுப்பில் தண்டம் போடாமல், 14 நாளுக்குக் குறையாத தவணை கொடுத்துத் திருத்தச் சொல்லும் வழி 32-ஆம் பிரிவில் இருக்கிறது.

எழுதியிருக்கிறார்கள்! யார் படித்தார்கள்? திண்ணையில் கல் போட்டுத் தோசை வார்க்கும் அம்மாவுக்கு இதை யார் சொன்னார்கள்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம், பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்து, "லைசென்சு இருக்கா?" என்று மிரட்டியதுதான். 'லைசென்சு உனக்கு வேண்டாம் தாயே, பதிவு போதும்' என்று சொல்ல வேண்டியவர் அப்படி மிரட்டினால், பிறகு இணையத்தில் பதிவு செய்து தருகிறேன் என்று தரகர் வருவார். நூறு ரூபாய்க் காரியத்துக்கு அவர் கேட்பதை அவள் தருவாள். சட்டத்தின் கருணை சாத்திய அலமாரியில். சட்டத்தின் பயம் அவள் அடிவயிற்றில்.

தண்டத்தைப் பாருங்கள். கேட்ட தரத்தில் பண்டம் இல்லையென்றால் பெரிய கம்பெனிக்கு 5 இலட்சம் வரை. பதிவு பெற்ற சிறு தொழிலாருக்கு 25,000 வரை. சலுகைதானே என்பார்கள். 5 இலட்சம் என்பது பெரிய கம்பெனிக்கு ஒரு நாள் விளம்பரச் செலவு. 25,000 என்பது இட்டிலி விற்பவளுக்குத் தாலி அடகுக் கடைக்குப் போகும் நாள்!

தண்ணீர் தூய்மையாயிருக்க வேண்டுமாம். இருக்கத்தான் வேண்டும். எந்தத் தண்ணீர்? தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு இறங்கிக் கிணறு கெட்டுப்போன வட்டாரம் அல்லவா இது! 1996-ல் உச்சநீதிமன்றம் வட ஆர்க்காடு முதல் திண்டுக்கல் வரை இருந்த அந்தத் தொழிற்சாலைகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பீட்டைத் தனியே கணக்கிடச் சொன்னது, மறுக்கவில்லை. ஆனாலும் கேட்கிறோம்: ஊர்க் கிணற்றைக் கெடுத்தவருக்கு அபராதம் 10,000, அந்தக் கிணற்றை நம்பி உலை வைத்தவளுக்கு 25,000 வரையா? குழாயில் நல்ல தண்ணீர் கொடுத்துவிட்டுக் குவளையைச் சோதிக்க வாருங்கள்!

அடுப்புக்கு வருவோம். வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ. கடைச் சிலிண்டர் 19 கிலோ. வீட்டுச் சிலிண்டரை வணிகத்துக்கு எரிப்பது 2000-ஆம் ஆண்டின் சமையல் வாயு ஆணைப்படி குற்றம். ஒரு துறை அவளை வீட்டுத் தொழிலார் என்று பதிந்துகொள்கிறது. இன்னொரு துறை அதே அடுப்புக்காக அவளைக் குற்றவாளி என்கிறது. பிள்ளைக்கு வார்த்த தோசை சட்டப்படி, அடுத்த தோசை சட்டத்துக்கு விரோதம்! இடையில் அடுப்பை அணைத்துச் சிலிண்டரை மாற்ற வேண்டும் போலும்!

இனி மொழி. பாட்டிலில் அடைத்து ஊறுகாய் விற்றால் லேபிள் வேண்டும். எந்த மொழியில்? ஆங்கிலத்தில், அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில் என்கிறது 2020-ல் வகுத்த விதி. தமிழ்? கூடுதலாக வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாமாம். ஊறுகாய் போட்டவள் தமிழச்சி, வாங்குகிறவன் தமிழன், நாக்கில் ஊறும் எச்சிலும் தமிழ்நாட்டு எச்சில். லேபிள் மட்டும் அவ்விருவரும் படிக்க முடியாத எழுத்தில்! இது பாதுகாப்பா? உள்ளே என்ன இருக்கிறது, என்று கெடும் என்பதைத் தின்பவன் தெரிந்துகொள்ளத்தானே லேபிள்? 2023 மார்ச்சில் தயிர் உறையில் 'தஹி' என்று எழுதச் சொன்னார்கள். தமிழ்நாடு மறுத்தது. அந்த மாதம் 30-ஆம் நாளே ஆணையம் இறங்கி வந்தது. தயிருக்கு இறங்கியவர்கள் ஊறுகாய்க்கு இறங்கமாட்டார்களா? கேட்க வேண்டியபடி கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டு அடுப்படியை நம்பினால் ஊரே நோயில் விழும் என்று அஞ்சுவோர் பம்பாயைப் பார்க்கட்டும். 1959-ல் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கியதுதான் லிஜ்ஜத் அப்பளம். மாவை ஓரிடத்தில் பிசைந்து தருகிறார்கள். பெண்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று இட்டுக் கொண்டுவருகிறார்கள். தரம் பார்த்து வாங்கிக்கொள்கிறார்கள். பணக்கார அமெரிக்காவில்கூடக் கலிபோர்னியா 2018-ல் வீட்டுச் சமையலறைக்கென்றே தனிச் சட்டம் செய்தது. நாளைக்கு 30 சாப்பாடு, வாரத்துக்கு 60 என்று அளவு கட்டி, அந்த அளவுக்குள் சமைத்து விற்க வழிவிட்டது. அடுப்பின் அளவுக்கேற்ற சட்டம்!

அவ்வளவுதான் நாமும் கேட்பது. மனுவும் விளக்கமும் தமிழில் வேண்டும். தமிழ் லேபிள் ஒன்றே போதும் என்று விதி திருத்தப்பட வேண்டும். பதிவு பெற்ற வீட்டு அடுப்புக்கெனச் சிலிண்டரில் ஒரு தனி வகை வேண்டும். அதிகாரிகள் வார்டுதோறும் வந்து ஒரே நாளில் பதிந்து கொடுக்க வேண்டும். பதிந்தவர்க்குத் தூய்மைப் பயிற்சியையும் இலவசமாகவே தர வேண்டும்.

ஆட்சியாளர் செய்யும்வரை தோழர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஊர்தோறும் மன்றம் இருக்கிறது, படிப்பகம் இருக்கிறது. மாலையில் ஒரு பெஞ்சும் ஒரு கைப்பேசியும் போட்டு உட்காருங்கள். தெருவில் அடுப்பு மூட்டும் தாய்மார்களை அழைத்து, 31-ஆம் பிரிவையும் ஏழு நாள் விதியையும் தமிழில் படித்துக் காட்டுங்கள். மனுவை நிரப்பிக் கொடுங்கள், அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள். எட்டாம் நாள் பை தூக்கி எவரேனும் வந்து மிரட்டினால், அந்தத் தேதிச் சீட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.