குபேரன் நமக்குக் கடன் தரமாட்டான்

ரேணிகுண்டா–அரக்கோணம் ரயில் பாதையில் புத்தூரில் இறங்கினால் நாராயணவனம் பக்கம்தான். ஸ்ரீநிவாசப் பெருமாள் பத்மாவதித் தாயாரை மணந்த தலம். அந்தக் கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனுக்குப் பெருமாள் இன்னும் வட்டி கட்டுகிறார் என்பது ஐதீகம். அவருக்கு உண்டியல் இருக்கிறது. எனக்கு இருந்தது ரயில்வே சேமநிதி மட்டும்.

2011-இல் மூத்த மகள் கல்யாணம். சித்தூரில் மண்டபம், இரண்டு நாள் சாப்பாடு. பாலத்துக்கு எஸ்டிமேட் போட்ட கை, இதற்குப் போடவில்லை. ‘வெளியூரில் இருக்கிறோம், ஊரில் பெயர் வேண்டாமா’ என்ற வீம்புதான். சேமநிதி போதாமல் வாங்கிய வெளிக்கடனை அடைக்க ஆறு வருடம் ஆயிற்று. பந்தியில் பாதி இலைகளில் சோறு அப்படியே கிடந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

இளையவளுக்குச் சம்பந்தியிடம் முதலிலேயே என் கணக்கைக் காட்டிவிட்டேன். திருமலையில் தேவஸ்தானம் 2016-இல் தொடங்கிய கல்யாண வேதிகையில் முகூர்த்தம். இடமும் புரோகிதரும் மேளமும் இலவசம். தாலி, மாலை, சாமான்கள் நம்முடையவை. பெண்ணுக்கு 18, பிள்ளைக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், முன்பதிவும் வேண்டும்.

அன்பர்களே, மேலே மிச்சம் பிடித்ததைக் கீழே திருப்பதியில் வரவேற்பு வைத்துக் கரைத்துவிடாதீர்கள். நம்மவர் பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

அழைக்கவில்லை என்று என் அத்தான் ஒருவர் இன்றுவரை பேசுவதில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு. பென்ஷன் மட்டும் முழுதாகக் கைக்கு வருகிறது.