திரையிற் படியுந் தழும்பு

ஒரே தடத்திற் பல்காற் செல்லுஞ் சக்கரம் கல்லையுந் தேய்க்கும். ஒளியாலாய திரையும் இதற்கு விலக்கன்று.

நம் விடுதிப் பொதுவறையிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டி ஓ.எல்.இ.டி. வகையினது, விலையுயர்ந்தது. அதன் மேல்மூலையில் ஒரு செய்தி அலைவரிசையின் இலச்சினையும், அடியிற் செய்தி ஓடும் பட்டையும் நிழலாய்ப் படிந்துவிட்டன. கால்பந்தாட்டத்தின் பசும்புல்வெளி மீதும் அந்நிழலே தோன்றுகின்றது. 'செய்தார் பிழை' என்பர் நண்பர் பலர். யாம் அவ்வாறு கருதுகின்றிலம். பிழை பெரும்பான்மையும் நம்முடையதே.

இத்தழும்பு உண்டாமாறு யாங்ஙனம்? பலர் எண்ணுமாறு உருவம் வந்து திரையில் ஒட்டிக்கொள்வதன்று. இத்திரையில் ஒவ்வொரு பிக்சலுந் தானே ஒளிவிடுவது. ஒளிவிடுந்தோறும் அதன் கரிமப் பொருள் சிறிது சிறிதாக ஆற்றல் குன்றும். அவற்றுள்ளும் நீல ஒளி தருவது விரைந்து நலியும். நாள் முழுதும் இலச்சினையைத் தாங்கிய பிக்சல்கள் தம் அயலவற்றினும் மிக உழைத்து மிகத் தளர்கின்றன. அவ்வேறுபாடே நம் கண்ணுக்கு உருவமாகத் தோன்றுகின்றது. பழைய மின்கதிர்க் குழாய்த் திரைகளும், பின்வந்த பிளாஸ்மாத் திரைகளும் இந்நோய்க்கு இரையாயினவே. கணினியில் திரைக்காப்பு என்னும் அசையும் படங்கள் தோன்றியதும் இதனைத் தடுத்தற்பொருட்டே.

வருமுன் காக்கும் வழிகள் எளியன. வெளிச்ச அளவைக் குறைத்தல் ஒன்று. அசையாப் படத்தை நெடுநேரம் நிறுத்தாமை மற்றொன்று. படத்தைச் சிறிதளவு இடம் பெயர்த்தற்கும், இலச்சினையின் ஒளியைத் தணித்தற்கும் பெட்டியினுள்ளேயே ஏற்பாடுகள் உள. அவற்றை நிறுத்தாதிருத்தல் பிறிதொன்று.

நான்காவதே நாம் அறியாது செய்யும் பிழை. சிக்கனங் கருதி இரவுதோறுஞ் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிடுகின்றோம். இவ்வகைப் பெட்டியோ, தொலைவியக்கியால் அணைத்த பின்னரே தன் பிக்சல்களின் தளர்ச்சியை அளந்து, அதற்கேற்ப மின்னோட்டத்தைச் சரிசெய்து கொள்வது. உடனே மின்னை அறுப்பார் அம்மருத்துவத்தைத் தடுப்பாராவர். நல்லெண்ணமும் அறிவோடு கூடாவழித் தீங்கே பயக்கும்.

தழும்பு கண்டபின் வெண்படத்தை மணிக்கணக்கில் ஓட்டுதலே மருந்தென்பாருமுளர். இளைத்தவனைத் தேற்றமாட்டாது ஏனையோரையும் இளைக்கச் செய்து ஒப்பாக்குவது போலும் அது!

'ஒளியைக் குறைத்தற்கோ இத்துணை விலை கொடுத்தோம்?' என வினவுவர். பகலொளி புகும் அறையில் இவ்வினா ஓரளவு நேரியதே. ஆயினும் சாளரச் சீலையை இழுத்துவிட்டாற் குறைந்த ஒளியே போதும். நாளெல்லாம் ஒரே அலைவரிசை ஓடவேண்டிய அறையாயின் அதற்கு எல்.சி.டி. திரையே தக்கது. அதிற் பின்னிருந்து பொதுவொளி வருதலின் இத்தகைய தழும்பு அரிது; நிழல் தோன்றினும் பெரும்பாலும் விரைவில் நீங்கும். கருவியின் இயல்பும் அறையின் தேவையும் ஒத்திருத்தல் வேண்டுமன்றோ?

புதுப்பெட்டி வாங்குக என இவ்வாண்டு விண்ணப்பிக்கக் கருதும் நண்பர்க்கு எம் வேண்டுகோள் ஒன்று. முதற்கண், பெட்டிக்கு மாதந்தோறும் ஒரு மாணவர் பொறுப்பேற்பாராக. உணவுமணி அடித்ததும் நாம் எழுந்துசெல்ல, காண்பாரில்லா அறையில் ஓடிய செய்தியே நம் திரையைக் கெடுத்தது. இறுதியாக எழுவோர் அணைத்துச் செல்லும் பழக்கம் வாராதவரை, புதுத்திரையும் பழந்தழும்பையே பெறும்.