வேலியில் நிற்கும் மருந்து

மாரி பிறந்தால் யாழ்ப்பாணத்து வீடுகளில் தடிமனும் இருமலும் குடிபுகும். வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அடுப்பேறும். இதனை எள்ளி நகையாடும் படித்த பெருமக்களுக்கு ஒன்று கூறுவோம். அவர்கள் காசு கொடுத்து வாங்கும் புரோம்ஹெக்சின் என்னும் இருமல் மருந்து, நம் வேலியோரத்து ஆடாதோடையிலுள்ள வாசிசினை அடியொற்றி ஆக்கப்பட்டதே!

காய்ச்சலுக்குத் தன் பழைய நூல் கூறிய பூண்டைச் சீனம் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு சென்றது. மலேரியாவுக்கு மருந்து பிறந்தது. 2015 இல் து யூயூ அம்மையார் நோபல் பரிசு பெற்றார். நம்மிடம் பரராசசேகரம் இல்லையா? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சித்த மருத்துவம் கற்பிக்கப்படவில்லையா?

குருட்டுப் பக்தியை நாம் வேண்டவில்லை. காய்ச்சல் இரண்டு நாள் கடந்தும் தணியாவிடின் டெங்காகவும் இருக்கலாம். கசாயத்தை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கே செல்லவேண்டும். நாம் கேட்பது சோதனை. கமக்காரர் மூலிகை பயிரிடட்டும். பல்கலைக்கழகம் அதனை ஆராய்ந்து, பலிப்பது எது, பலிக்காதது எது என்று தமிழில் வெளியிடட்டும். அதுவரையிலாவது, மதில் கட்டவென்று ஆடாதோடை வேலியை வெட்டுவோர் கத்தியைச் சற்றே கீழே வைப்பார்களா?